பித்தளையின் கழுத்து

சற்றே நீண்ட பதிவு இது. பொறுமை உள்ளவர்கள் தொடரலாம். 'உன் ஆய்வு எதைப் பற்றியது?' என்று கேட்டவர்களுக்கெல்லாம் 'பித்தளை' என்று ஒற்றைச் சொல்லில் விடை சொல்லித் தப்பித்து வந்திருக்கிறேன். இன்று முழு விடையையும் எழுதுகிறேன். பொன்முடியில் என் ஆச்சி வீட்டில் இருக்கும் ஒரு குடம் அதற்குக் காரணம். இன்னொரு காரணமும் உண்டு. அது எனக்குப் பெருமை தருவதன்று. அதையும் சொல்லிவிடுகிறேன்.

துப்பாக்கித் தோட்டாவின் கூடு பெரும்பாலும் பித்தளையால் ஆனது. 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் சேர்ந்த அக்கலவைக்கு உலோகவியலார் இட்டிருக்கும் பெயரே 'தோட்டாப் பித்தளை' என்பதுதான். வட்டமாக வெட்டிய தகட்டை முதலில் கிண்ணமாக அழுத்துவார்கள். பிறகு அக்கிண்ணத்தைப் பல முறை அச்சின் வழியே இழுத்து நீண்ட குழலாக்குவார்கள். ஒவ்வோர் இழுப்பிலும் பித்தளை இறுகிக் கடினமாகும். ஆகவே இடையிடையே காய்ச்சி ஆற்றி இளக்கிய பின்னரே மீண்டும் இழுக்க முடியும். சோப்புக் கரைசல் போன்ற மசகு இல்லாவிட்டால் தகடு அச்சில் ஒட்டிக் கிழிந்துவிடும். இறுதியில் வாய்ப்புறத்தைச் சுருக்கித் தோளும் கழுத்தும் அமைப்பார்கள். ஈயக் குண்டை இறுகப் பற்றிக்கொண்டிருப்பதும், வெடிக்கும் நொடியில் விரிந்து அதை விட்டுவிடுவதும் கழுத்தின் வேலை. கூட்டின் மற்றெந்தப் பகுதியையும் விட மெல்லியதும் மிகுதியாகத் துன்புறுவதும் அதுவே.

அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் குறிபார்த்துச் சுடுதலைப் பொழுதுபோக்காகக் கொண்டவர்கள் ஒரு கூட்டைப் பல முறை மறுபடி நிரப்பிப் பயன்படுத்துகிறார்கள். சுட்டபின் விரிந்துபோன கழுத்தை அச்சிலிட்டுச் சுருக்குவார்கள். பிறகு உள்ளளவு சீராக இருக்கும்பொருட்டு ஓர் எஃகுக் குமிழை அதனுள் இழுப்பார்கள். உலர்ந்த பித்தளையும் எஃகும் உரசினால் கிறீச்சென்ற ஒலி எழும். கழுத்து ஒரு பக்கமாக நீண்டு கோணிவிடும். அதனால்தான் அங்கே சிறிது மசகு தேவைப்படுகிறது. சிலர் கிராஃபைட் தூளைத் தொட்டு வைப்பார்கள்; சிலர் அப்பிரகத் தூளை; சிலர் ஆட்டு உரோமத்திலிருந்து எடுக்கப்படும் லேனோலின் என்னும் மெழுகுக் கொழுப்பை. ஆனால் அளவு மிகக் கூடாது. மிகுந்த கொழுப்பு அச்சினுள் தேங்கினால் தோளில் குழி விழும். கூட்டின் வெளிப்புறத்தில் எஞ்சினால், வெடிக்கும்போது கூடு அறைச் சுவரைப் பற்றாமல் வழுக்கிப் பின்புறப் பூட்டின் மேல் மிகுந்த விசையைச் செலுத்தும். எனவே வேலை முடிந்ததும் துடைத்துவிட வேண்டும். சுட்ட கூட்டின் கழுத்தில் ஒட்டியிருக்கும் கரியே நல்ல மசகு என்று கருதி அதை நீக்காமல் விடுவோரும் உண்டு. ஒரு துளி அழுக்கும் இன்றிச் சுத்தம் செய்த கழுத்தில் குண்டு கடினமாக ஏறும். மாதக்கணக்கில் வைத்திருந்தால் உலோகமும் உலோகமும் மெல்ல ஒட்டிக்கொள்வதும் உண்டு.

இந்தக் கடைசிச் செய்தியே என் ஆய்வுக்கு வித்து. இறுகப் பொருந்திய இரண்டு உலோகங்கள் மாதக்கணக்கில் அசையாமல் கிடக்கும்போது, அவற்றுக்கிடையே உள்ள மெல்லிய மசகுப் படலம் என்ன ஆகிறது? கேள்வி தோட்டாவோடு நிற்பதன்று. மின்னிணைப்பு முனைகளுக்கும் குழாய்ப் பொருத்துகளுக்கும் இது பொருந்தும். நம் நாட்டில் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி உரிமம் இன்றித் தோட்டா செய்வது குற்றம். ஆகவே எங்கள் மேசையில் தோட்டாவும் இல்லை, மருந்தும் இல்லை. கழுத்தளவே நீளமுள்ள பித்தளைக் குழாய்களும் அவற்றுள் அழுத்துவதற்கான எஃகுச் செருகிகளும் மட்டுமே. ஆய்வின் தொடக்கத்தில், 2015 தேசிய விளையாட்டுப் போட்டிகள் நடந்த வட்டியூர்க்காவு சுடுதளத்துக்கு ஒரு நாள் போய்ப் பார்த்தேன். அங்கே மாணவர்கள் சுடும் சிறிய தோட்டாக்களில் தீப்பற்று மருந்து அடிவிளிம்பின் உள்ளேயே அடைக்கப்பட்டிருக்கும்; சுட்டதும் விளிம்பு நசுங்கிவிடும் என்பதால் அவற்றை மறுபடி நிரப்புவதில்லை. கைநிறைய வெற்றுக் கூடுகளைப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்பினேன்.

தோட்டாவின் மசகுக்கு இந்திய வரலாற்றில் ஓர் இடம் உண்டு என்பதை எல்லாரும் பள்ளியில் படித்திருக்கிறோம். 1857இல் என்ஃபீல்டு துப்பாக்கியின் காகிதத் தோட்டாவில் தடவிய கொழுப்பு எந்த விலங்கினுடையது என்ற ஐயம் டம்டம்மில் எழுந்து பாரக்பூரையும் மீரட்டையும் அடைந்தது. அந்த ஆண்டு சனவரியிலேயே, சிப்பாய்கள் தாம் விரும்பும் மசகைத் தாமே பூசிக்கொள்ளலாம் என்று அரசு இறங்கி வந்தது. அதற்குள் நம்பிக்கை போய்விட்டிருந்தது. இந்தக் கதையை ஆய்வரங்குகளில் முன்னுரையாகச் சொல்லிக் கைத்தட்டல் வாங்கியிருக்கிறேன். ஆனால் தோட்டாவுக்கும் இந்திய மழைக்கும் உள்ள இன்னொரு கதையைப் பாடநூலில் ஒரு பத்தியாகப் படித்து மறந்திருந்தேன். அதுவே என்னைத் திருத்தியது.

இனி என் பிழை.

சென்ற வைகாசியில் மூன்று தொகுதிக் குழாய்களில் செருகிகளை அழுத்தி வைத்தோம். முதல் தொகுதி உலர்ந்தது. இரண்டாவது கிராஃபைட் பூசியது. மூன்றாவது லேனோலின் பூசியது. மூன்று மாதம் கழித்து, செருகியை வெளியே தள்ள எவ்வளவு விசை வேண்டும் என்று அளக்க வேண்டும். ஆவணியில் பெட்டியைத் திறந்தபோது லேனோலின் தொகுதியில் பாதிக்கு மேற்பட்ட குழாய்கள் நெடுக்கில் வெடித்திருந்தன. மற்ற இரண்டும் நலமாக இருந்தன.

அழுத்தும் வேலையைச் செய்தவன் ஆய்வகத்துக்குப் புதிதாக வந்த ஓர் இளைஞன். என்னைச் 'சேச்சி' என்று அழைப்பவன். இரண்டு முறை சொன்னால்தான் ஒன்றைச் செய்பவன் என்று நான் முன்பே ஒரு கருத்து வைத்திருந்தேன். மசகு இருந்ததால் செருகி எளிதாக இறங்கியிருக்கும், இவன் அளவு பாராமல் ஆழ அழுத்திவிட்டான் என்று முடிவு கட்டினேன். அவன் மறுத்தான்; அழுத்திய ஆழங்களை எழுதிய குறிப்பேட்டைக் காட்டினான். அதை நான் நம்பவில்லை. நெறியாளருக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினேன். மிகப் பண்பான நடையில், ஒரு கடுஞ்சொல்லும் இன்றி, மூன்று மாத உழைப்பு இவனால் வீணாயிற்று என்று. அவனை வேறொரு வேலைக்கு மாற்றினார்கள். ஆறு மாத மதிப்பீட்டில் அவனுக்குச் 'கவனக்குறைவு' என்ற சொல் கிடைத்தது. அந்தச் சொல் என் மின்னஞ்சலிலிருந்து எடுத்தது.

ஐப்பசியில் ஆச்சியைப் பார்க்கப் பொன்முடிக்குப் போனேன். திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாகக் கல்லாறு வரை சாலை ஒழுங்காக இருக்கும். அதன்பின் 22 கொண்டை ஊசி வளைவுகள். துலாமழை பெய்துகொண்டிருந்தது. ஏறத்தாழ 1100 மீட்டர் உயரத்தில் மேகம் வேறு, மழை வேறு என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஆச்சி அம்பாசமுத்திரம் பக்கத்துக்காரி. திருமணமாகித் தேயிலை பறிக்க இங்கே வந்தவள். இப்போது சித்தப்பா குடும்பத்தோடு லயத்தில் இருக்கிறாள். மேகம் விலகும் நாள்களில் கிழக்கே அகத்தியமலைத் தொடரைக் காட்டி, 'அதுக்கு அந்தப் பக்கந்தான் நம்ம ஊரு' என்பாள். ஊரிலிருந்து சீதனமாகக் கொண்டுவந்த பித்தளைக் குடம் ஒன்று அவளிடம் இருந்தது. புளியும் சாம்பலும் போட்டுத் துலக்கி, விளக்குக்குப் பக்கத்தில் வைத்திருப்பாள். ஒன்பது ஆண்டுகளுக்கு முன் அதன் கழுத்து உடைந்துபோனது. சித்தி கீழே போட்டு உடைத்துவிட்டாள் என்பது வீட்டில் நிலைபெற்ற செய்தி. சித்தி இல்லை என்று சொல்லிச் சொல்லி, பிறகு சொல்வதை நிறுத்திவிட்டாள். அன்றிலிருந்து மாமியாரும் மருமகளும் தேவைக்கு மேல் பேசுவதில்லை. உடைந்த குடத்தை ஆச்சி எறியவும் இல்லை; பழைய சேலையில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தாள். சாட்சியாக வைத்திருந்தாள் என்றுதான் சொல்ல வேண்டும்.

அன்று பேச்சுவாக்கில், 'பித்தளையைப் பத்தித்தானட்டி படிக்கே? இதைப் பத்தவைக்க முடியுமான்னு பாரு' என்று அதை எடுத்துத் தந்தாள்.

சேலையைப் பிரித்தேன். விளிம்பிலிருந்து தோள்வரை நெடுக்கில் ஒரு விரிசல். அதற்கு இணையாக, கண்ணுக்கு அரிதாகத் தெரியும் மூன்று சிறு விரிசல்கள். விரிசலின் ஓரத்தில் நீலமும் பச்சையும் கலந்த கறை. குடத்தில் எங்கும் ஒரு நெளிவு இல்லை. கீழே விழுந்த பித்தளைக் குடத்தை எல்லாரும் பார்த்திருப்போம். பித்தளை கண்ணாடியன்று, விழுந்தால் முதலில் நெளியும். விழுந்த இடத்தில் சொட்டை இருக்கும். நெளியாமல், நசுங்காமல், கழுத்து மட்டும் நேர்கோட்டில் பிளக்க வேண்டுமானால் வெளியிலிருந்து அடி தேவையில்லை. உள்ளிருக்கும் இறுக்கமே போதும்.

இதே விரிசலை இரண்டு மாதத்துக்கு முன் என் மேசையில் பார்த்திருந்தேன். மறந்திருந்த பாடநூல் பத்தி அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் படை, மழைக்காலத்தில் நடமாட்டம் குறையும்போது தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் அடுக்கி வைக்கும். மழை விட்டபின் எடுத்துப் பார்த்தால் பல கூடுகள் வெடித்திருக்கும். அதுவும் குண்டைப் பற்றியிருக்கும் கழுத்துப் பகுதியில். மழைப் பருவத்தோடு வருவதால் அதற்குப் 'பருவ விரிசல்' என்று பெயரிட்டார்கள். காரணம் நெடுங்காலம் விளங்கவில்லை. 1921இல்தான் மூர், பெக்கின்சேல், மாலின்சன் என்ற மூவர் அதைத் தெளிவாக்கினார்கள். குதிரையின் சிறுநீரிலிருந்து எழும் அம்மோனியா, காற்றின் ஈரம், இழுத்துச் செய்த பித்தளையினுள் எஞ்சி நிற்கும் தகைவு ஆகிய மூன்றும் கூடினால்தான் விரிசல் பிறக்கும். அம்மோனியா செம்போடு கூடிக் கருநீலச் சேர்மமாகி, உலோக மணிகளின் எல்லை வழியே உள்ளே அரித்துச் செல்கிறது. உள்ளிருக்கும் இழுவிசை அந்த வழியைத் திறந்துகொண்டே போகிறது. மூன்றில் ஒன்றை நீக்கினாலும் விரிசல் வராது. இன்று தோட்டாக் கழுத்தைக் காய்ச்சி ஆற்றி இளக்குவதற்கு இதுவும் ஒரு காரணம். படைத்துறைத் தோட்டாக்களின் கழுத்தில் தெரியும் நீலப் பழுப்பு நிறம் அந்தக் காய்ச்சலின் தழும்பே.

'ஆச்சி, ஒடையறதுக்கு முன்னால இந்தக் கொடம் எங்க இருந்துச்சு?' என்று கேட்டேன்.

'தொழுவத்துப் பரண்லதான். ஒங்க சித்தப்பன் அந்த வருசம் கடன்ல கெடந்தான். கண்ணுல பட்டா அடகுக்குக் கொண்டு போயிருவான்னு நாந்தான் மேல ஏத்தி வைக்கச் சொன்னேன். இடவப்பாதி மழ முழுக்க அங்கதான் கெடந்துச்சு. இவ எறக்கும்போது போட்டுட்டா.'

அடுப்படியில் சித்தியின் பாத்திர ஓசை நின்றது.

'ஆச்சி, இது கீழ விழுந்து ஒடஞ்சது இல்ல. எறக்கறதுக்கு முன்னாலயே ஒடஞ்சிருக்கு. தொழுவத்துல மாட்டு மூத்திரத்துலருந்து வர்ற ஆவி, மழ ஈரத்தோட சேந்து பித்தளைய வெடிக்க வச்சிரும். கொடத்துக்குக் கழுத்த அடிச்சு வளைக்கும்போதே உள்ள ஒரு முறுக்கு நின்னுருக்கும். ரெண்டுஞ் சேந்துதான் வெடிச்சிருக்கு.'

'இப்ப மாட்டக் குத்தஞ் சொல்லுதியா?'

'ஆரையும் சொல்லல ஆச்சி. விழுந்திருந்தா சொட்ட எங்க? நீயே தடவிப் பாரு.'

ஆச்சி தடவிப் பார்த்தாள். கண் மங்கிய பிறகு அவளுடைய விரல்களே கண்கள். அறுபது ஆண்டு கொழுந்து பறித்த விரல்கள். குடத்தை மெல்லச் சுற்றி, அடியிலிருந்து தோள்வரை தடவினாள். நெடுநேரம் தடவினாள். எதுவும் சொல்லவில்லை. கதவோரத்தில் வந்து நின்ற சித்தியும் எதுவும் சொல்லவில்லை.

அந்த அமைதியில்தான் என் நெஞ்சில் இன்னொன்று உறைத்தது. என் குழாய்களுக்கு அம்மோனியா எங்கிருந்து வந்தது? எங்கள் ஆய்வகத்தில் மாடும் இல்லை, குதிரையும் இல்லை.

விடை மலையிறங்கும்போது வந்தது. லேனோலின் பூசிய குழாய்களின் வெளிப்புறம் பிசுக்காக இருந்தது. ஆண்டறிக்கைக்குப் படம் எடுக்க வேண்டும், பளபளவென்று இருக்க வேண்டும் என்று சொல்லி, உலோக மெருகுக் குழம்புப் போத்தல் ஒன்றை அந்த இளைஞனிடம் கொடுத்தவள் நான். படம் எடுத்ததும் அப்படியே நெகிழிப் பெட்டியில் மூடச் சொன்னவளும் நான். மறுநாள் காலை அந்தப் போத்தலை எடுத்துப் பின்புறத்துச் சிற்றெழுத்துகளைப் படித்தேன். அம்மோனியா இருந்தது. தோட்டா நிரப்பும் பொழுதுபோக்காளர்கள்கூட அம்மோனியா கலந்த மெருகைப் பித்தளையில் தொடாதே என்று ஒருவருக்கொருவர் எச்சரிப்பதுண்டு. பித்தளையில் பட்டம் வாங்கப் போகிற எனக்கு அது தோன்றவில்லை.

ஊகத்தை உறுதி செய்வது ஆய்வாளரின் கடமை. நான்கு தொகுதிகள் செய்தோம். லேனோலினும் செருகியும் இருந்து மெருகு தொடாதவை நலமாக இருந்தன. மெருகு தொட்டவை, லேனோலின் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வெடித்தன. முன்னரே மிதமாகச் சூடாக்கித் தகைவை நீக்கி, செருகி இடாமல், மெருகு மட்டும் தொட்டு வைத்த குழாய்கள் வெடிக்கவில்லை. மசகின் மேல் குற்றமில்லை. அழுத்திய கையின் மேலும் குற்றமில்லை. குறிப்பேட்டில் அவன் எழுதியிருந்த ஆழங்களை இப்போது ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தன. ஒன்றே ஒன்றில் பத்தில் ஒரு மில்லிமீட்டர் வேறுபாடு. அந்தக் குழாயை அழுத்தியது நான்.

நெறியாளருக்கு இரண்டாவது மின்னஞ்சல் எழுதினேன். முதலாவதை எழுத இருபது நிமிடம் ஆனது; இதற்கு இரண்டு நாள். ஒரு கருத்தரங்குக்கு அனுப்பியிருந்த சுருக்கத்தையும் திரும்பப் பெற்றுக்கொண்டேன். 'லேனோலின் மசகு கழுத்து விரிசலைத் தூண்டுகிறது' என்று அதில் எழுதியிருந்தேன். அந்தச் சொல்லை மதிப்பீட்டிலிருந்து நீக்கக் கோரி ஒரு விண்ணப்பமும் கொடுத்திருக்கிறேன். மதிப்பீட்டை ஒருமுறை எழுதிவிட்டால் திருத்துவது எளிதன்று என்கிறார்கள். முயன்றுகொண்டிருக்கிறேன். அவனை நேரில் கண்டு மன்னிப்புக் கேட்டபோது, சற்று நேரம் தரையைப் பார்த்தான். பிறகு, 'சேச்சி, அந்தப் போத்தலை இப்போது எங்கே வைத்திருக்கிறீர்கள்? பித்தளை இருக்கும் அலமாரியில் இருந்தால் எடுத்துவிடுங்கள்' என்றான். அங்கேதான் இருந்தது.

சென்ற வாரம் மீண்டும் பொன்முடிக்குப் போனேன். குடம் கட்டிலுக்கு அடியில் இல்லை, அடுப்படியில் இருந்தது. விரிசலுக்கு மேல் ஒரு துணியைச் சுற்றிக் கட்டிச் சித்தி அதில் உளுந்து போட்டு வைத்திருந்தாள். 'அத்தைதான் குடுத்தாவ, மக்ளே' என்றாள். ஆச்சி மன்னிப்பு ஏதும் கேட்கவில்லை; கேட்கிற வழக்கம் அவளுக்கு இல்லை. 'தண்ணிதான் நிக்காது, உளுந்து நிக்கும்லா' என்றாள். சித்தி சிரித்தாள். ஒன்பது ஆண்டுகள் அந்தச் சொட்டையில்லாக் குடத்தை நாங்கள் எல்லாரும் பார்த்திருக்கிறோம். ஒருவரும் தடவிப் பார்க்கவில்லை.

இதைப் படிப்பவர்களில் வீட்டில் பழைய பித்தளை வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல். தொழுவத்திலோ கழிப்பறைப் பக்கத்திலோ அதை வைக்காதீர்கள். அம்மோனியா கலந்த தரைத்துடைப்பு நீர்மமும் மெருகும் அதன் அருகே வேண்டா. புளியே போதும், துலக்கியபின் ஈரம் போகத் துடைத்து, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். விரிசல் கண்டால், கடைசியாக அதைத் தொட்டவர் யார் என்று கேட்பதற்கு முன், அது எங்கே வைக்கப்பட்டிருந்தது என்று கேளுங்கள். அங்கே வைக்கச் சொன்னவர் நாமாகவும் இருக்கலாம்.

ஆய்வேட்டின் மூன்றாம் இயலை இப்போது மறுபடி எழுதிக்கொண்டிருக்கிறேன். முகப்பில் நன்றி சொல்லும் பக்கத்தில் அந்த இளைஞனின் பெயர் முதலில் வரும், அவன் ஒப்புதலோடு.